பழவகைகளுக்கு வர்ணப்படப் பதிவு அவசியம்

மாங்கன்று வாங்கும் குடியானவர் காயைக் கண்டு வாங்குவதில்லை. பெயரைக் கேட்டு வாங்குகிறார். நெல் விதையாயின் நான்கு மாதத்தில் அதன் குணம் வெளிப்பட்டுவிடும்; தவறு நேர்ந்திருந்தால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஒட்டு மாங்கன்றோ நான்கைந்து ஆண்டுகள் கழித்தே தன் குணத்தைக் காட்டுகின்றது. பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு நாற்பது கன்று வீதம் ஐந்து ஏக்கர் வைத்தவர், வேலிக்கும் தண்ணீருக்கும் உரத்திற்கும் செலவழித்து, ஐந்தாம் ஆண்டில் முதற்காயைப் பழுக்கவைத்து அறுக்கும்பொழுதுதான், தாம் கேட்ட வகை வேறு, தமக்குக் கிடைத்த வகை வேறு என்று அறிகிறார். அப்பொழுது கன்று விற்றவர், தம் பக்கத்தில் இக்கனியும் அப்பெயராலேயே வழங்குகின்றதென்று சாதிப்பாராயின், அதை மறுப்பதற்கு வாங்கியவரிடத்தில் யாதொரு அத்தாட்சியும் இல்லை. அவர் சொல்வது சில சமயங்களில் மெய்யாகவும் இருந்துவிடுகின்றது என்பதே இதிலுள்ள சங்கடம்.

பெங்களூரா என்று ஒரு ஜில்லாவில் வழங்கும் மாங்கனி வேறிடத்தில் தோத்தாபுரி, இன்னோரிடத்தில் கிளிமூக்கு, மதுரைப் பக்கத்துத் தோப்புகளில் கல்லாமை. வாழையில் இக்குழப்பம் இன்னும் விபரீதமானது. தமிழ்நாட்டில் பூவன் என்றால் ஒரு பழம். மலையாளத்தில் பூவன் என்று கேட்டால் தமிழ்நாட்டார் ரஸ்தாளி என்று சொல்லும் பழத்தை எடுத்துக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுப் பூவனுக்கு அங்கே பாளையங்கோடன் என்று பெயர். ஆகவே ஒரே கனிக்குப் பல பெயர், ஒரே பெயருக்குப் பல கனி என்னும் இரண்டு தொல்லையும் ஏககாலத்தில் இருந்து வருகின்றன. கிராமக் கணக்கும் இதற்கு உதவி செய்வதில்லை. கர்ணம், மணியக்காரர் ஆகிய பதவிகள் 1980ஆம் ஆண்டில் எடுபட்டபோதிலும் அடங்கல் எடுபடவில்லை. அதில் இன்ன புல எண்ணில் மா என்று இருக்குமேயன்றி, இன்ன மா என்று பெரும்பாலும் இராது.

பெயரைப் பெயரால் திருத்த முடியாது. கனியின் உருவத்தை உள்ளபடி எழுதி, அதனடியில் பெயரையும் மரம் நிற்கும் இடத்தையும் தேதியையும் குறித்து, பொதுவான ஓரிடத்தில் வைத்துக் காத்தல் வேண்டும். அவ்வாறு செய்து நற்பயன் கண்ட விவசாய இலாகா ஒன்று உண்டு. அதன் அனுபவம் இங்குள்ள நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் தெரிந்திருப்பது நலம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் ஆப்பிள் சாகுபடி மிக வேகமாக மேற்கு நோக்கிப் பரவியது. குடியேறினவர்கள் ஒட்டுக் குச்சிகளையும் விதைகளையும் கையோடு கொண்டுபோனார்கள். ஆப்பிள் விதை தாய்மரத்தைப் போல் முளைப்பதில்லையாதலால் தோட்டந்தோறும் புது வகைகள் உண்டாயின. அவற்றிற்கு அவரவர் மனம்போனபடி பெயரிட்டனர். கன்று வியாபாரிகளுட் சிலர் பழைய வகைக்கே புதுப் பெயர் வைத்து அதிக விலைக்கு விற்றார்கள். அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. இலாகாவைச் சேர்ந்த ராகன் என்பவர் 1905ஆம் ஆண்டில் ஆப்பிள் பெயர்களைத் திரட்டி வெளியிட்டபோது, அப்பெயர்கள் பல்லாயிரமாக இருந்தன. அவற்றுள் பல வேறு பெயர்களுக்கு மாற்றுப் பெயர்களே என்று தெரியவந்தது.

இக்குழப்பத்தை நீக்கும்பொருட்டு அந்நாட்டு விவசாய இலாகாவில் 1886ஆம் ஆண்டில் கனியியற் பிரிவு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதன் முதல் தலைவர் வான் டீமன். மறு ஆண்டில் வில்லியம் பிரெஸ்டெலே என்னும் சித்திரக்காரர் சம்பளத்தில் நியமிக்கப்பட்டார். கணக்கருக்கும் ரசாயன நிபுணருக்கும் சம்பளம் கொடுப்பதுபோல் சித்திரக்காரருக்கும் இலாகா சம்பளம் கொடுத்தது என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் டெபோரா பாஸ்மோர், அமாண்டா நியூட்டன், மேரி டெய்ஸி ஆர்னால்டு, ராயல் ஸ்டெட்மன் முதலிய இருபதுக்கு மேற்பட்டவர்கள் அவ்வேலையில் அமர்ந்தனர். அவர்களுட் பலர் பெண்கள். 1942ஆம் ஆண்டு வரையில் சேர்ந்த படங்கள் 7,584. அவற்றுள் ஆப்பிள் மட்டும் 3,807. பாஸ்மோர் ஒருவரே ஏறக்குறைய 1,500 படங்கள் எழுதினார். ஒரு கனியின் நிறத்தைக் கொணர்வதற்கு அவர் சில சமயங்களில் நூறு தடவை வரையில் மெல்லிய நீர்வர்ணத்தை மேலுக்குமேல் பூசினாரென்று சொல்லப்படுகின்றது.

வேலை நடந்த முறை இது. தன் தோட்டத்துப் பழத்தின் பெயர் தெரியாத குடியானவரோ, தம்மிடத்தில் புது வகை உண்டாயிற்றென்று கருதிய கன்று வியாபாரியோ, பழத்தைப் பெட்டியிலிட்டு வாஷிங்டனுக்கு அனுப்புவார். இலாகாவார் அதற்கு மாதிரி எண் இட்டு, அனுப்பியவர் பெயரையும் ஊரையும் தேதியையும் பதிவு செய்து, தெரிந்த வகைகளோடு ஒப்பிட்டு விடை எழுதுவார்கள். பதியத் தகுந்ததாயின் அது சித்திரக்காரரின் மேஜைக்குப் போகும். அவர் முழுக்கனியை அதன் இயற்கை அளவில் எழுதுவார். அதன் பக்கத்திலேயே காம்பிலிருந்து நுனிவரை அறுத்த பாதியையும் எழுதுவார். காம்புக்குழியின் ஆழம், பூமுனையின் அமைப்பு, தோலிலுள்ள கோடுகள், புள்ளிகள், சொரசொரப்பு, சதையின் நிறம், விதையறையின் வடிவம், விதையின் பருமன் ஆகியவையெல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். ஆப்பிளை அறுத்தால் சிறிது நேரத்திற்குள் சதை பழுப்பேறிவிடுமாதலால் அதன் நிறத்தை முதலிற் பிடித்துக்கொள்ளுதல் வேண்டும். திராட்சை, பிளம் முதலியவற்றின் மேல் படிந்திருக்கும் சாம்பல் போன்ற மெல்லிய மாவை எழுதுவது இவ்வேலையில் மிகக் கடினமான பகுதி. விரல் பட்டால் போய்விடும் அப்பூச்சைத் தூரிகையால் காட்டுவதென்பது கண்கட்டு வித்தை போன்றது. எழுதி முடித்தபின் தாளின் ஓரத்தில் வகைப்பெயர், விளைவித்தவர், ஊர், தேதி, மாதிரி எண் ஆகியவற்றைக் குறித்துக் கையொப்பமிடுவார்கள்.

அவர்கள் அழகான பழங்களை மட்டும் எழுதவில்லை. புழு துளைத்தது, அழுகியது, காயம்பட்டது, சேமிப்பில் கெட்டது ஆகியவையும் அத்தொகுதியில் இருக்கின்றன. கண்காட்சியில் பரிசு பெறும் பழத்தைத் தேர்ந்தெடுத்து மெருகேற்றி எழுதியிருந்தால் அப்படங்கள் இன்று சுவரில் மாட்டுவதற்கே உதவும், தோட்டத்துக்காரருக்கு உதவமாட்டா. கன்று வியாபாரிகள் விற்பனைப் புத்தகங்களில் அச்சிட்டுவந்த கனிப்படங்களுக்கும் இலாகாவின் படங்களுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஒன்று விற்பதற்கு எழுதியது. மற்றது அறிவதற்கு எழுதியது.

தாவர வகைகளுக்கு உரிமைப் பட்டயம் அளிக்கும் சட்டம் அந்நாட்டில் 1930ஆம் ஆண்டில்தான் ஏற்பட்டது. அதற்கு முன்பு புது வகையைக் கண்டெடுத்தவருக்கு, இன்ன தேதியில் இன்ன ஊரில் என் தோட்டத்தில் இக்கனி விளைந்தது என்று காட்டுவதற்கு இருந்த ஆதாரங்களுள் இலாகாவின் வர்ணப்படம் சிறந்த ஒன்றாகும்.

காலப்போக்கில் வர்ணப் புகைப்படம் வந்தது. படம் எழுதுவது நின்றது. வியாபாரத்திற்கு ஏற்ற சில ஆப்பிள் வகைகளே தோட்டங்களை நிரப்ப, மற்றவை வெட்டுண்டன. பல வகைகள் அழிந்தேவிட்டன என்று எண்ணப்பட்டது. படங்களோ மேரிலாந்து மாகாணத்தில் பெல்ட்ஸ்வில் என்னும் ஊரிலுள்ள தேசிய விவசாய நூல்நிலையத்தில் பத்திரமாக இருந்தன. பாழடைந்த பண்ணைகளில் தனித்து நிற்கும் பழைய ஆப்பிள் மரங்களைத் தேடிச் செல்வோர் வாஷிங்டன், ஐடஹோ முதலிய பிரதேசங்களில் இருக்கின்றனர். அவர்கள் பறித்து அனுப்பும் பழத்தை ஆரிகன் பிரதேசத்துப் பழமரப் பாதுகாப்புச் சங்கத்தார் பழைய நூல் வருணனைகளோடும் இவ்வர்ணப்படங்களோடும் ஒப்பிட்டு வகையை நிர்ணயிக்கிறார்கள். இவ்வாறு 2020ஆம் ஆண்டில் மட்டும், அழிந்தவையாகக் கருதப்பட்ட பத்து வகைகள் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மரத்திலிருந்து ஒட்டுக் குச்சி எடுத்துக் கன்று செய்வதற்கு, அதன் பெயர் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வுறுதியைக் கொடுப்பதில் நூறாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட தாளுக்கும் பங்கு உண்டு. 2015ஆம் ஆண்டு முதல் அப்படங்களை யாவரும் கட்டணமின்றிக் கணினி வழியாகப் பார்க்கவும் எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது.

அத்தொகுதியில் மாங்கனிகளும் உள்ளன. அவை அங்கே இடம்பெற்ற வரலாறு, பெயரோடு உருவமும் ஏன் போகவேண்டும் என்பதற்கு ஆப்பிளைக் காட்டிலும் நல்ல திருஷ்டாந்தம்.

மேற்கூறிய கனியியற் பிரிவார் 1889ஆம் ஆண்டில் இந்தியாவில் பூனாவிலிருந்து ஒட்டு மாங்கன்றுகளைத் தருவித்து ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அவற்றுள் முல்கோபா என்னும் பெயரிட்ட கன்றுகள் லேக் வொர்த் ஏரிக்கரையிலிருந்த கேல் என்பவரிடத்தில் வளர்ந்தன. 1894-95ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் விழுந்த கடும்பனிக்கு அவற்றுள் ஒன்றே தப்பியது. அம்மரம் சில ஆண்டுகளில் காய்த்தபோது அக்கனியின் சுவை அந்நாட்டாரைப் பிரமிக்கச் செய்தது. அதன் விதைகளை 1902ஆம் ஆண்டில் ஹேடன் என்னும் படைத்தலைவர் நட்டார். அவர் மறைந்தபின் அவருடைய மனைவி காத்துவந்த கன்றுகளுள் ஒன்று 1910ஆம் ஆண்டில் காய்த்தது. அதுவே ஹேடன் என்னும் பிரசித்திபெற்ற மா. இன்று உலகச் சந்தையில் பெருவாரியாக விலையாகும் டாமி அட்கின்ஸ் முதலிய செந்நிறக் கனிகள் ஹேடன் வழி வந்தவை.

முல்கோபா என்பது சேலத்தாருக்குத் தெரிந்த மல்கோவாவின் பெயரே. ஆனால் ஃபுளோரிடாவில் அப்பெயர் தாங்கிய கனி, இந்தியாவில் அப்பெயருக்கு உரிய கனியன்று என்பது பின்வந்த அறிஞர் சிலரின் கருத்து. இங்குள்ள மல்கோவா பருத்து, ஒருபுறம் சாய்ந்த உருண்டை வடிவாய், பழுத்தும் பச்சை கலந்த மஞ்சளாகவே இருக்கும். அங்கே கிடைத்தது மஞ்சள் தோலில் தோள்பக்கம் செம்மை படர்ந்தது. கன்று கட்டும் இடத்தில் சீட்டு மாறிற்றோ, பனியில் ஒட்டுப்பகுதி பட்டுப்போய் அடிக்கன்று தழைத்ததோ, பெயரே தவறாகச் சொல்லப்பட்டதோ, இன்று யாராலும் தீர்மானமாகச் சொல்ல முடியாது. பூனாவில் கன்றைக் கட்டிக் கப்பலேற்றியபோது, தாய்மரத்துக் கனியின் வர்ணப்படம் ஒன்று அத்துடன் போயிருந்தால், முதற்காய் காய்த்த அன்றே இந்தச் சந்தேகம் தீர்ந்திருக்கும். ஃபுளோரிடாவில் காய்த்தபின் அங்கே படம் எழுதிக்கொண்டார்கள். புறப்பட்ட இடத்தில் படம் இல்லை. பாதி வழக்குக்குச் சாட்சி உண்டு, மறுபாதிக்கு இல்லை.

இங்கிலாந்திலும் இம்முயற்சி முன்பே நடந்திருக்கிறது. லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தார் 1815ஆம் ஆண்டு முதல் வில்லியம் ஹூக்கர் என்பவரைக் கொண்டு தங்கள் கனிகளை எழுதுவித்தார்கள். இலைகளுக்காக அவர் கலந்த பச்சை வர்ணம் இன்றும் அவர் பெயரால் விற்கப்படுகின்றது. ஹெர்ஃபோர்டு ஜில்லாவில் வூல்ஹோப் என்னும் இயற்கை ஆராய்ச்சிக் கழகத்தார் 1876 முதல் 1885 வரையில் ஆப்பிள், பேரி வகைகளை ஆலிஸ் எல்லிஸ், ஈடித் புல் ஆகிய இரு பெண்மணிகளைக் கொண்டு எழுதுவித்து 77 வர்ணப் பலகைகளாக வெளியிட்டனர். இது அரசினர் வேலையன்று. தம் ஜில்லாவின் பழத்தோட்டங்கள் சீர்கெடுவதைக் கண்டு கவலைப்பட்ட உள்ளூர்ப் பிரமுகர்களின் வேலை.

தமிழ்நாட்டில் இத்தகைய கைத்திறன் இல்லையென்று ஒருவரும் நினைக்க வேண்டுவதில்லை. ராபர்ட் வைட் என்னும் தாவர நூலார் 1842 முதல் 1853 வரையில் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தி பயிரிடும் சோதனைகளை நடத்திவந்தார். அவருக்கு இரங்கய்யா, கோவிந்து என்னும் இந்தியச் சித்திரக்காரர் இருவர் ஒருவர்பின் ஒருவராகச் செடிகொடிகளை எழுதிக் கொடுத்தனர். வைட் 1838 முதல் 1853 வரையில் வெளியிட்ட ஆறு பாக நூலில் 2,101 படப் பலகைகள் உள்ளன. கோவிந்துவின் உழைப்பைப் பாராட்டி ஓர் ஆர்க்கிட் இனத்திற்கு அவர் பெயரையே வைட் சூட்டினார். மூலப் படங்களுட் பல இன்று எடின்பரோவிலும் கியூவிலும் காக்கப்படுகின்றன.

எனினும் அவ்வேலை வேறு, இங்கே வேண்டப்படும் வேலை வேறு. தாவர நூலாருக்கு எல்லா மாவும் ஒரே மா. நீலத்திற்கும் ருமானிக்கும் உள்ள வேற்றுமை அவர் நூலில் இடம்பெறத் தக்கதன்று. குடியானவருக்கோ அவ்வேற்றுமையே முதல். நீலம் பின்பருவத்தில் வந்து விலை கொடுப்பது. செந்தூரா முன்பருவத்தில் வருவது. பெங்களூரா சாறு ஆலைக்குப் போவது. இமாம்பசந்து தோப்பிலேயே பேசி முடிந்துவிடுவது. இனத்தைக் காட்டும் படங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஒரே இனத்திற்குள் வகையைக் காட்டும் படங்களே தேவை.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் புகைப்படக் கருவி இருக்கும் இக்காலத்தில், ஒரு பழத்தை நாள்கணக்கில் உட்கார்ந்து தூரிகையால் எழுதுவானேன்? இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிடலாகாது. நோய் கண்ட இலையையோ பூச்சி அரித்த காயையோ அன்றே நிபுணருக்குக் காட்டுவதற்குப் புகைப்படத்தை விஞ்சியது இல்லை. ஆனால் வகையை நிர்ணயிக்கும் காரியத்தில் அதன் குறைகள் பல. காலை வெயிலில் எடுத்த பழம் ஒரு நிறம். கூரைக்குள் எடுத்தது வேறு நிறம். கருவி தானாகவே வர்ணத்தைத் திருத்திக்கொண்டு, பச்சை மஞ்சளை வெறும் மஞ்சளாக்கி விடுகின்றது. கருவிக்கு அருகிலுள்ள பகுதி பெரிதாகவும் தூரத்திலுள்ளது சிறிதாகவும் விழுவதால் வடிவமும் மாறுகின்றது. எல்லாவற்றிலும் முக்கியமாக, எடுத்த படங்கள் பெயரும் ஊரும் தேதியுமின்றி ஆயிரக்கணக்கிற் குவிந்து, கருவி பழுதாகும்போது அதனுடன் மறைந்துபோகின்றன. எழுதும் கைக்கு இந்த அவசரம் இல்லை. இரண்டு நாள் ஒரு கனியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதன் மூக்கு எவ்விடத்தில் வளைகின்றது, புள்ளிகள் காம்புப் பக்கம் நெருங்கியும் நுனிப்பக்கம் அகன்றும் இருக்கின்றனவா, நார் கொட்டையை ஒட்டி மட்டும் உள்ளதா, சதை முழுவதும் ஓடுகின்றதா என்பவற்றைப் பாராமல் எழுத முடியாது. தலையாய வகைகளுக்கு வர்ணப்படம், மற்ற மரங்களுக்கு அளவுகோலும் வர்ண அட்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த புகைப்படம் என்று பிரித்துக்கொள்வதே நியாயமாகும். இரண்டையும் பகையாக நினைக்க வேண்டுவதில்லை.

செலவைப் பற்றி அஞ்சுவோரும் இருப்பர். இரண்டு சித்திரக்காரர்களின் சம்பளம், நல்ல பருத்தித் தாள், வர்ணம், வெளிச்சம் புகாத சில பெட்டிகள் ஆகிய இவ்வளவே தேவை. நீர்வர்ணம் வெயிலில் மங்குமாதலால் படங்களைச் சுவரில் மாட்டாது பெட்டியில் அடுக்கிவைத்தல் வேண்டும். பிரதிகளை அச்சிட்டுக் கன்றுப் பண்ணைகளுக்கும் ஊராட்சி அலுவலகங்களுக்கும் கொடுக்கலாம். ஒரு தோப்பில் தவறான கன்று வைத்தவர் ஐந்தாண்டில் இழப்பதை நினைத்துப் பார்த்தால் இச்செலவு பெரிதாகத் தோன்றாது. ஓவியக் கல்லூரிகளில் தேர்ந்து வேலையின்றி இருக்கும் இளைஞருக்கு இதில் பிழைப்பும் உண்டு. ஆனால் எழுதுவோர் தம் கற்பனைக்கு இடங்கொடாதவராக இருத்தல் அவசியம். பழத்தில் தழும்பு இருந்தால் படத்திலும் தழும்பு இருக்கவேண்டும்.

சட்டமும் இத்தகைய பதிவை எதிர்பார்க்கின்றது. 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயிர் வகைகள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்கீழ், குடியானவர்கள் வழிவழியாகக் காத்துவரும் வகையை அவர்கள் பெயராலேயே பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு, அவ்வகை மற்ற வகைகளினின்று எவ்வெவ்வாறு வேறுபடுகின்றது என்பதை லட்சணங்களால் காட்டவேண்டும். தாத்தா காலத்து மரம் என்று சொன்னால் அச்சொல்லை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் தாத்தா காலத்தில் அதன் கனி எப்படியிருந்தது என்பதற்கு என்ன காட்டுவது? ஒரு கிராமத்தில் ஒரே மரமாக நிற்கும் வகை, சாலை அகலப்படுத்தும்போதோ பாகப்பிரிவினையிலோ விழுந்துவிட்டால், அதன்பின் அதைப் பற்றிய உரிமையும் இல்லை, நினைவும் இல்லை. பலாவில் இது நாள்தோறும் நடக்கின்றது. விதை நட்டு வளர்ந்த ஒவ்வொரு பலாவும் தனி வகையே; பண்ருட்டிப் பக்கத்தில் நல்ல சுளை தரும் மரத்தை மரக்காரரும் வியாபாரியும் அறிவார்கள், வேறு ஒருவரும் அறியமாட்டார்கள். மரக்காரர் காலமானால் அவ்வறிவும் காலமாகின்றது.

ஆகையால் இலாகாவின் ஏற்பாட்டுக்காகக் காத்திராமல், தோப்பு உடையவர்கள் இப்பொழுதே தொடங்கத்தக்கவை சில உண்டு. தம் தோப்பிலும் ஊர்ப் பொது நிலத்திலும் உள்ள பழைய மரங்களுக்கு எண்ணிட்டு, வகைப்பெயரை ஊரார் வழங்கும்படியே எழுதி வைத்தல் வேண்டும். புத்தகத்துப் பெயர் தெரிந்திருந்தாலும் ஊர்ப்பெயரை நீக்கலாகாது. கிராம அதிகாரி அடங்கல் எழுத வரும்போது அக்குறிப்பைக் காட்டி, அவருடைய தனிக் குறிப்பேட்டிலாவது பதியச் செய்யலாம். மரம் வெட்ட அனுமதி கேட்டு வருவோரிடம், அது என்ன வகை, அவ்வகை ஊரில் வேறெங்கேனும் உண்டா என்று அதிகாரி ஒரு வார்த்தை கேட்பது அதிக வேலையன்று. ஜில்லாவிலுள்ள பள்ளிகளில் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியரை ஒரு பருவத்துக்கு அழைத்து ஐந்தாறு வகைகளை எழுதுவித்தாலும் போதும். வூல்ஹோப் கழகத்தார் அப்படித்தான் தாமாகவே முனைந்தார்கள்.

எழுதுவதற்கோ பரிசோதனைக்கோ பழம் அனுப்புவோர் மரத்திலேயே பெரிய பழத்தைத் தேடிப் பறிக்கலாகாது. மரத்தின் நான்கு புறத்திலிருந்தும் நடுத்தரமான ஆறு காய்களைக் காம்புடனும் இரண்டு இலைகளுடனும் பறித்து, பால் வடியவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தாளிற் சுற்றி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் அடுக்கவேண்டும். மா தோப்பிலேயே முற்றி, வீட்டில் நிறம் மாறும் கனியாதலால், முற்றிய பச்சைக்காய் மூன்றும் பழுக்கத் தொடங்கியது மூன்றுமாக அனுப்பினால் சித்திரக்காரர் இரண்டு நிலைகளையும் குறித்துக்கொள்வார். வாழையாயின் தாரின் நடுச்சீப்பு ஒன்றே போதும். பெட்டிக்குள் வைக்கும் சீட்டில் ஊர், வட்டம், புல எண், மரத்தின் எண், ஊர் வழங்கும் பெயர், மரத்தின் உத்தேச வயது, பூக்கும் மாதம், பறித்த தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதவேண்டும். மை, பழத்தின் ஈரம் பட்டால் கலைந்துவிடும். அதே விவரம் எழுதிய இன்னொரு சீட்டைத் தம்மிடத்தில் பத்திரப்படுத்திக்கொண்டு, அதே எண் எழுதிய தகடு ஒன்றை அம்மரத்திலும் கட்டிவைத்தல் வேண்டும். தகட்டை ஆணியால் அடிக்காமல், அடிமரம் பருக்க இடம்விட்டுக் கம்பியால் தளர்த்திக் கட்டுவது நல்லது.